துரை எண்ணிப் பார்த்த கைராசி

1931 ஏப்ரல் 9

கலவானைப் பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்துக்கு மருத்துவச்சியாக வந்ததிலிருந்து இன்றுதான் துரை என்னை உட்காரச் சொன்னார். நல்லதுக்கு இல்லை. போன வருஷம் நான் பார்த்த பிரசவங்களில் மூன்றில் ஒன்று சாவாம். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக் கிழவிகள் பார்த்ததில் பத்தில் ஒன்றுகூட இல்லையாம். "நீ தொடாவிட்டால் பிழைக்கிறார்கள்" என்றார். பெரிய கிளாக்கர் அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னார்.

என்னை எப்போது கூப்பிடுகிறார்கள் என்று கேட்டார்களா? சுகமாகப் பிறந்தால் லயத்தோடு சரி. பிள்ளை குறுக்கே கிடந்து, தாய்க்கு நினைவு தப்பி, மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தும் ஆகாத பிறகுதான் எனக்கு ஆள் வரும். குடை விரித்த நாட்களை எண்ணிவிட்டு, குடையால்தான் மழை என்கிறார் மனுஷன்.

ஏப்ரல் 11

லேசான பிரசவத்துக்கும் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், பிறகு எண்ணுங்கள் என்றேன். கிளாக்கர் சிரித்தார்.

ஏப்ரல் 20

முதல் வலியிலேயே கூப்பிடுங்கள் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். பேச்சு எனக்கு முந்திப் போயிருந்தது. கடைசி லயத்து வெள்ளையம்மா முகத்துக்கு நேரே சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்கம்மா, ஒங்க கைராசி அப்புடி. தொரையே எண்ணிப் பாத்துட்டாராம்ல."

அவள் மருமகள் புஷ்பத்துக்குத் தலைப்பிரசவம். தொட்டுப் பார்த்தேன், இடுப்பு குறுகல். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியவள். புஷ்பம் என் பின்னாலேயே வாசலுக்கு வந்தாள். "அத்தைக்குத் தெரியாம ஆளனுப்புறேங்க" என்றாள்.

மே 3

வேலை போயிற்று. நாளைக்கே அறையைக் காலி செய்யணுமாம். புஷ்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. வெள்ளையம்மாவிடம் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று தொண்டை வற்றச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 29, இரத்தினபுரி

சிநேகிதி ரஹ்மா வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். கடைத்தெருவில் புஷ்பத்தின் புருஷன் முத்துவீரனைக் கண்டேன். தலை மழித்திருந்தான்.

"ரெண்டு நா வலிச்சுதுங்க. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. தூக்கிக்கிட்டு வந்தோம், ஆத்துல தண்ணி ஏறிப்போச்சு. கரையிலயே..."

பிள்ளை? கேட்காமலேயே திரும்பி வந்துவிட்டேன். பாவிகளா, அவளுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியுமே — என்னைத் துரத்திவிட்டு யாரைடா கூப்பிடச் சொன்னீர்கள் அவளை?

1932 ஜனவரி 18

பஸ்ஸுக்கு நிற்கும்போது பெரிய கிளாக்கர் பக்கத்தில் வந்து நின்றார். நலம் விசாரித்தார். பிறகு அவரே சொன்னார்.

"நீங்க போன பொறகு மருத்துவச்சி கையில ஒரு சாவுகூட இல்லன்னு கொழும்புக்கு எழுதி அனுப்பினோம்மா. தொரைக்கு நல்ல பேரு. பக்கத்துத் தோட்டத்துலயும் மருத்துவச்சிய வேலையிலருந்து நிப்பாட்டப் போறாங்க."