இலைக்கு அடியில் இருந்த பழுப்பு

சிறைச்சாலை,
12.06.2024

அன்புள்ள அனுஷியாவுக்கு,

நான் சுகம். கொட்டகையில் நிற்கிற பன்னச் செடிகள் சுகமா என்று முதலில் எழுது. நான் உள்ளே வந்து இருபது நாள், நீ ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. போகட்டும், கொட்டகையை விட்டு நகர முடியாதுதான்.

கவனமாகக் கேள். கறுப்புக் காம்புப் பன்னத்துக்கு வேர் ஒரு நாள் காய்ந்தாலும் இலை அப்பளமாக நொறுங்கிவிடும். அதற்காகச் சட்டியில் தண்ணீரைத் தேங்க விடாதே, அழுகிவிடும். நேர் வெயில் ஆகாது. காற்றே ஈரமாக இருக்க வேண்டும், பகலில் மூன்று தடவை தரையை நனை. மண்ணோடு மக்கின இலையும் தேங்காய்த் தும்பும் பழைய சுவர்ச் சுண்ணாம்பும் கல. கருகினதைப் பிடுங்காதே, அடியோடு வெட்டிவிட்டு வேரை ஈரமாக வை. உயிர் இருந்தால் சுருட்டிக்கொண்டு குருத்து வரும்.

மேல் வீட்டு நஸீமை நினைத்தால் இன்னும் கை பரபரக்கிறது. மலையிலிருந்து பீலியில் வருகிற தண்ணீருக்குச் சண்டை பிடித்தவன், நூற்றிருபது சட்டிக்கும் மருந்தடித்துக் கருக்கிவிட்டானே! கையோடு விட்டேன், கழுத்தை விட்டுவிட்டேன் என்பதுதான் என் கவலை.

வழக்குத் தவணை ஆகஸ்ட் எட்டாம் திகதி. நஸீம்தான் முதலில் கத்தியோடு வந்தான் என்று நீ சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் வெளியே வருவேன். சொல்லாவிட்டாலும் ஒரு நாள் வருவேன். இதை விடுதலையாகிப் போகிற ஒருவனிடம் கொடுத்தனுப்புகிறேன், யாருக்கும் காட்டாதே.

உன் புருஷன்,
அழகர்


கடுகண்ணாவை,
29.06.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அனுஷியா எழுதுவது. கடிதம் கிடைத்தது. நான் சுகமா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். இங்கே மழை விடாமல் பெய்கிறது. நீங்கள் சொன்னபடி கருகினதையெல்லாம் வெட்டிவிட்டேன். நாற்பது சட்டியில் குருத்து வந்திருக்கிறது.

நஸீம் நானாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டார்கள். வலது கை மணிக்கட்டோடு இல்லை. அவர் மனைவி ஷஹ்மாதான் சோறு ஊட்டுகிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் அவர் குரல் கேட்கிறது: "இல்லாத வெரல் அரிக்குது புள்ள, எங்க சொறியிற?"

மேல் வீட்டுக்குப் போகிற படிக்கட்டு இரத்தத்தை மூன்று தடவை தேய்த்துக் கழுவினேன். சீமெந்துக்குள் இறங்கினது போகவில்லை.

ஒரு சந்தேகம். மூலையில் மருந்து படாமல் தப்பின நாலைந்து சட்டியில், இலைக்கு அடியில் ஓரமாகப் பழுப்புக் கோடு தெரிகிறது. அது என்ன, நோயா?

இப்படிக்கு,
அனுஷியா


சிறைச்சாலை,
10.07.2024

அனுஷியாவுக்கு,

அடி மடச்சி! உன் கடிதத்தை இங்கே என்னோடு இருக்கிறவர்களுக்குப் படித்துக் காட்டினேன், வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எட்டு வருஷம் என்னோடு இருந்தும் இது தெரியாதா? அது நோயில்லை, அதுதான் பன்னத்தின் விதை. அதற்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. அந்தப் பழுப்புத் தூள் ஈர மண்ணில் விழுந்தால் முதலில் பாசி மாதிரி படரும், பிறகுதான் செடி.

அதில் கை வைத்து உன் தேயிலைத் தோட்டத்துப் புத்தியைக் காட்டினாயோ, வந்ததும் ஹோஸ் பைப்பால் தோலை உரிப்பேன். போன தடவை வாங்கினது மறந்திருக்காது.

சாட்சியை வாய்ப்பாடமாக்கிக்கொள். தடுமாறினால் நஸீமுக்கு விழுந்தது உனக்கும் விழும். இதுவும் ஆள் மூலம்தான் வருகிறது.

அழகர்


கண்டி,
05.08.2024

அழகருக்கு,

உங்களைப் பெயர் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. மச்சான் என்று எழுதக் கை வரவில்லை.

மருந்தடித்தது நான். நீங்கள் மண் ஏற்றப் போயிருந்த அன்று இலையைத் திருப்பிப் பார்த்தேன், அடியெல்லாம் பழுப்பு. நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தால் இலைக்கு அடியில்தான் தெரியும், உடனே கொப்பர் மருந்து அடிப்பார்கள். அப்பா வீட்டு மருந்து டின்னைக் கொண்டுவந்து, நோய் ஓடட்டும் என்று இரண்டு மடங்கு கரைத்து அடித்தேன். செடிகளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் எல்லாம் கருகிப்போனது.

நீங்கள் என் தலைமுடியைப் பிடித்து, செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கழுத்தில் வைத்து, "யாருடி அடிச்சது?" என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் கத்தி அங்கேயே இறங்கியிருக்கும். "நஸீம் நானா வந்துட்டுப் போனாரு" என்றேன். பாவம், அவர் பீலியில் அடைத்த சருகை எடுக்க வந்தவர். ஐந்து நிமிஷத்தில் அவர் அலறின சத்தம் கேட்டது. பொலிஸிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன்.

முந்தாநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஷஹ்மா அகப்பையால் முகத்தில் அடித்தாள். உதட்டில் இரண்டு தையல். இன்னும் அடித்திருப்பாள், நஸீம் நானாதான் தடுத்தார். "விடு புள்ள, கழுத்துல கத்தி இருந்தா நானும் யாரையாச்சும் காட்டித்தான் இருப்பேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே, "மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. கோர்ட்டுல வந்து இத அப்படியே சொல்லு" என்றார்.

எட்டாம் திகதி சொல்லத்தான் போகிறேன். உங்கள் இரண்டு கடிதங்களையும் பொலிஸில் கொடுத்துவிட்டேன். கொட்டகையைப் பூட்டிச் சாவியை உங்கள் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டை விட்டு வந்துவிட்டேன்.

பொய் சொன்னதற்கு என்னையும் உள்ளே போடலாம் என்கிறார் சட்டத்தரணி. போட்டால் போடட்டும். சிறையில் பெண்களுக்குத் தனி மதிலாம். அங்கேயாவது உங்கள் கை எட்டாது.

அனுஷியா