நாக்கில் வைத்துப் பார்த்த கல்

மச்சான்,

இன்று காலை ஆய்வக வகுப்பில் மாணவி ஒருத்தி கருங்கல் துண்டை நாக்கால் நனைத்து லென்ஸில் பார்த்தாள். கல் படிக்கிறவர்களின் பழைய வழக்கம் அது. ஈரம் பட்டால் நிறம் எழும்பி வரும், தண்ணீர் தேடி ஓட வேண்டாம். நான் போட்ட சத்தத்தில் அவள் அழுதுவிட்டாள். அது வெறும் நார்த்தாமலைக் கல், யாரையும் ஒன்றும் செய்யாது.

அந்த வழக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

அறந்தாங்கிக்குத் தெற்கே, பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுத்த பட்டறையில் பல வருடம் காவலுக்கு இருந்தாய். அதை மூடிய பிறகும் உன்னை அங்கேயே வைத்திருந்தார்கள். பின்பக்கம் குவிந்து கிடந்த கசட்டு மேட்டைக் காட்டி, "அங்கிட்டு உப்புப் பூத்திருக்கு மாப்ள, நம்ம களர் நெலத்துல பூக்குமே, அந்த மாதிரி" என்றாய். ஒரு கட்டியை உடைத்தேன். உள்ளே பொத்தல்களில் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகங்கள். கசட்டில் மிஞ்சிய ஈயம் மழையிலும் காற்றிலும் கிடந்து புதுக் கனிமமாக மாறியிருந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை கண்டெடுத்ததில்லை.

என்னோடு குன்றுகளுக்கு வந்த நாட்களில், "ஆட்டுக்குட்டி மாதிரி கல்ல நக்குறீங்க, இதுக்கு ஒரு பட்டம் வேற" என்று கேலி செய்தவன் நீ. பிறகு நீயும் பழகிக்கொண்டாய். அன்றும் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தாய்.

"லேசா இனிக்குது மாப்ள."

"துப்பு மச்சான், அது ஈயம்."

துப்பினாய். இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் கூசுகிறது. குறிப்பேட்டை எடுத்து எழுதினேன்: நிறம் வெண்மை, கனம் அதிகம், சுவை லேசான இனிப்பு.

அதன் பிறகு நான் வரும்போதெல்லாம் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி வைத்திருப்பாய். "வெள்ளையில ரெண்டு தினுசு இருக்கு மாப்ள. இனிக்கிறதுதான் ஒனக்கு வேணுங்கிறது" என்று ஒருநாள் சொன்னாய். நீ இன்னும் நாக்கில் வைத்துத்தான் பிரிக்கிறாய் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. "இனிமே வேணாம் மச்சான்" என்றேன், பையை வாங்கிக்கொண்டே. கல்லூரி அலமாரியில் அவை இன்றும் இருக்கின்றன. சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

உனக்கு வயிற்றுவலி வந்தது, கை நடுங்கியது, கடைசியில் சிறுநீரகம் போயிற்று. தஞ்சாவூரில் பார்த்த டாக்டர், ரத்தத்தில் ஈயம் என்றார். "எதையாவது வாயில வச்சீங்களா?" என்று அவர் கேட்டபோது நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இல்லைங்க சார்" என்றாய். நானும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. புழுதியால் உள்ளே போனது எவ்வளவு, நாக்கால் போனது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாதாம். அந்தச் சந்தேகத்துக்குள்தான் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

நீ போன பிறகு, நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவை நான்தான் எழுதினேன். உனக்கு ஒரு முகமூடிகூடத் தராதது, கசட்டை மூடாமல் போட்டுவிட்டுப் போனது எல்லாம் அதில் இருக்கிறது. எல்லாம் உண்மைதான். நாக்கில் வைத்த கல்லைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரி இல்லை. படித்துக் காட்டியதும் அவள் கையெழுத்துப் போட்டாள்.

"படிச்ச ஆளு நீங்க பக்கத்துல இருந்ததாலதாண்ணே, அவருக்கு என்ன ஆச்சுன்னாவது எங்களுக்குத் தெரிஞ்சுச்சு" என்றாள்.

இன்றுவரை அதற்கு நான் சொல்லியிருக்கும் பதில் "சரிம்மா" என்பது மட்டும்தான்.