பதிமூன்றாவது ஆள்

டெரிக்,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சனிக்கிழமை ஆட்டத்தின் ஜெர்சிகளைத் துவைக்காமலே மூட்டை கட்டினேன். ஒன்பதாம் எண் ஜெர்சியின் கழுத்தில் என் தம்பியின் ரத்தம் காய்ந்திருக்கிறது.

நம் ரக்பி லீக் கிளப் பிறந்து ஏழு மாதம். இருபது ஆட்டம், ஒரே ஒரு வெற்றி.

முந்தைய ஆட்டத்தில் தலையில் அடிபட்ட என் தம்பி கிரெயம் மூன்று வாரம் ஆடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். சனிக்கிழமை பதிமூன்று பேரில் ஓர் ஆள் குறைந்ததும், நீ அவனை வேறொருவன் பெயரில் இறக்கினாய். தடுத்தேன். அதற்கு நீ சொன்னாய்:

"பன்னெண்டு பேரோட போனா கம்பிரியா மாவட்டமே சிரிக்கும்டி. உன் தம்பி மண்டை கருங்கல்லு, ஒண்ணும் ஆகாது!"

அறுபத்தெட்டுக்கு நான்கு என்று தோற்றோம். சிரிக்கத்தான் செய்தார்கள்.

நேற்று மருத்துவமனையில் கிரெயம் என்னைப் பார்த்து, "நீங்க புது நர்ஸா?" என்று கேட்டான். நீ அந்தப் பக்கமே வரவில்லை. "ஆடினவங்க லிஸ்ட்டை வழக்கம்போல அனுப்பிடு" என்று சமையலறையில் சீட்டு மட்டும் வைத்திருக்கிறாய்.

லிஸ்ட்டை லீக் நிர்வாகத்துக்கு அனுப்புகிறேன். ஆனால் ஒன்பதாம் எண்ணுக்கு நேரே கிரெயமின் பெயரைத்தான் எழுதப்போகிறேன். டாக்டர் தடுத்தவனை இறக்கியதற்காக, அதோடு உன் கிளப்பை மூடிவிடுவார்கள். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் மனைவி, நீயே நியமித்த கிளப் செயலாளர்