ஒரு சாண் மண்

புத்தூர், 20 ஜனவரி 1954

இலங்கையோடு ஒப்பந்தம் ஆகிவிட்டதாம். ரேடியோவில் 'நட்பு', 'நல்லெண்ணம்' என்று ஓயாமல் சொல்கிறார்கள். எத்திராஜ் அண்ணனுக்கு அங்கே குடியுரிமை மறுத்தாயிற்று. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. அண்ணி அங்கேயே பிறந்தவள்; குழந்தையும்தான். இந்த நட்பில் அவர்கள் எங்கே?

"நீ பி.ஏ. படிச்சவளாச்சே, அண்ணனை இருக்க உடுவாங்களா, சொல்லு" என்றார் நைனா. பேப்பரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் பதில் இல்லை.

30 ஜனவரி

வேதாச்சலம் ஐயா வந்தார். தெலுங்கு ராஜ்யத்துக்குப் போய்விட்ட புத்தூரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கப் போராடும் தலைவர். டில்லி வரை செல்வாக்கு. அடுத்த ஞாயிறு எல்லைக் கூட்டத்தில் நான் நன்றியுரை சொல்ல வேண்டுமாம்.

"படிச்ச பொண்ணு மேடையில நின்னா ஊருக்கே கௌரவம் பாப்பா."

நாலு பேர் இருந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நைனா அண்ணனைப் பற்றிக் கேட்டார்.

"கூட்டம் முடியட்டும், பேசிக்கலாம்."

7 பிப்ரவரி

கூட்டத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். பயமில்லை, கோபம்.

"ஒரு சாண் மண்ணைக்கூட விடமாட்டோம்!" என்று ஐயா முழங்கினார். ஒரே விசில். யாரோ இலங்கையைப் பற்றிக் கேட்டார்கள்.

"அது வெளிநாட்டு விவகாரம்பா. போனவங்க அந்த நாட்டுப் பிரஜைங்க. டில்லி பார்த்துக்கும்."

புத்தூர் மண் நம்முடையது. புத்தூர்க்காரன் மட்டும் அந்நியனா?

நன்றியுரைக்குக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்ததை மடித்துவிட்டேன். "சாண் மண்ணுக்கு உயிரைத் தரும் தலைவருக்கு நன்றி. எங்கள் அண்ணனும் இந்த மண்தான். அவரை இரண்டு நாடும் வேண்டாம் என்கின்றன. அதற்கும் ஒரு கூட்டம் போடுவீர்களா?"

கை தட்டினார்கள்! நன்றியுரை என்றால் தட்டிவிட்டு எழுந்து போவதுதானே வழக்கம். துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். முதலில் தட்டியவரே ஐயாதான். "நல்லா பேசின பாப்பா."

சே— காதில் விழவில்லையா? விழுந்தும்தான் தட்டினாரா?

19 பிப்ரவரி

அண்ணன் விஷயமாக நைனா ஐயா வீட்டுக்குப் போனார். ஐயா ஊர் ஊராகப் பேசிக்கினு இருக்காராம்.

11 மே

அண்ணன் ரயிலில் வந்து இறங்கினான். தனியாக. அவன் அங்கே தங்கும் அனுமதியை இலங்கை நீட்டிக்கவில்லை. அண்ணியும் குழந்தையும் கிளம்ப எந்த நாட்டுக் காகிதமும் இல்லை.

"ரெண்டு பக்கமும் சிரிச்சிக்கினே அனுப்பிட்டாங்கம்மா."

16 மே

எல்லைக் கோரிக்கைக்குக் கையெழுத்து வாங்க ஐயாவின் ஆட்கள் வந்தார்கள்.

"ஊரு புத்தூர்தானேண்ணா? இங்க போடுங்க."

நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டு அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அதை வாங்கி, மூடி, திருப்பிக் கொடுத்தேன்.

"உங்க ஐயாவுக்கு நன்றி சொன்னேன்னு சொல்லுங்க."

இந்த முறை யாரும் கை தட்டவில்லை.