கோச் கை தட்டினால் கேட்கணும்

அண்ணனூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சி ஸ்வீட்லினுக்கு, அண்ணன் ஜேம்ஸ் எழுதிக்கிறது.

நானும் உங்க அண்ணி ஷர்மிளாவும் நல்லா இருக்கோம். ரயில் ஷெட்ல வேலை ஜாஸ்தி. மழைக்கு முன்னாடி எல்லா வண்டியையும் பாத்து அனுப்பணும். உங்க மலையடிவாரத்துல குளிர் எப்படி? போன வருஷம் மாதிரி இருமிகினு கிடக்காதே. உங்க கன்னியர் மடத்துல ஒரு போன் வச்சுக்க விட்டா இதெல்லாம் ஒரு நிமிஷத்துல கேட்டுட்டுப் போயிடுவேன். இந்தக் காலத்துல தபால்தலை வாங்க அலையுற ஆளு ஆவடிப் பக்கம் நான் ஒருத்தன்தான்.

நம்ம ஏரிக்கரை ஃபுட்பால் டீம் சேதி நல்லா இல்ல. கோச் ஜாபஸுக்குத் தொண்டையில புற்றுநோய். ஆபரேஷன் பண்ணி குரல்வளையையே எடுத்துட்டாங்க. இனிமே பேச்சு வராது. கழுத்துல ஒரு ஓட்டை, அது வழியாத்தான் மூச்சு. விசில்கூட ஊத முடியாதாம். நீ சின்னப் பொண்ணா இருந்தப்ப அவர் இதே டீம்ல ஆடிகினு இருந்தாரு, "அந்த மாமா கத்தினா பருத்திப்பட்டு ஏரியில கொக்கு பறக்குது"ன்னு சொல்லுவியே, அந்தக் குரல்தான் போச்சு.

கிளப் செக்ரட்டரி ராகவன் வேற கோச்சைத் தேடுறாரு. "பேச முடியாத மனுஷன் எப்படிப்பா டீமை நடத்துவாரு?" ன்னு கேக்குறாரு. நான் சொன்னேன், "இருவது வருஷமா நாலாவது எடத்தைக்கூடப் பாக்காத டீமை ரெண்டு வருஷத்துல மேல கொண்டாந்தவரு அண்ணாத்தே. அவர் இருந்தா இந்த வருஷம் பிளேஆஃப் போவோம்." எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். எனக்கு அவர் மேல நம்பிக்கை இருக்கு. காரணம் கேட்டா சொல்லத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஜேம்ஸ்

*

மலையடிவாரம்
24 ஆகஸ்ட் 2025

என் பிரியமுள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். இருமல் இல்லை. அண்ணியிடம் சொல், அவர்கள் அனுப்பிய கம்பளிச் சால்வை இங்கே வயதான ஒரு சகோதரியின் தோளில் இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கோச் செய்தியைப் படித்ததும் நேரே ஜெபிக்கப் போனேன். மாலையில் எங்களுக்குப் பேச அனுமதி உள்ள ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் சொன்னேன். மடத்துத் தலைவியான எங்கள் மதர், "அவருக்காகத் தினமும் ஜெபிப்போம்" என்றார்கள். பிறகு, "பிளேஆஃப் என்றால் என்ன?" என்று கேட்டார்கள். பத்து டீமில் முதல் நான்கு டீம் மட்டும் கடைசியில் கோப்பைக்காக மோதும் என்று விளக்கினேன். சமையலறைச் சகோதரிக்கு டம்ளர்களை அடுக்கி வைத்து ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்தேன். அவருக்குப் புரியவில்லை. டம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணா, ஒரு செய்தி. வரும் பிப்ரவரி பதினொன்றாம் தேதி, லூர்து மாதா திருநாளன்று, எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதற்குப் பிறகு நான் ஆயுள் முழுவதும் இங்கேதான். நீ வர வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் நீ வந்தபோது நம் நடுவே இருந்த கம்பித் தடுப்பைப் பார்த்து, "இது இன்னா ஜெயிலா?" என்று கேட்டுவிட்டு உட்காராமலே போனாய். நான் அதற்கு வருத்தப்படவில்லை. ஆனால் மறுபடி ஒரு தடவை வா.

அன்புள்ள தங்கை
ஸ்வீட்லின்

*

அண்ணனூர்
12 அக்டோபர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடுதாசி கிடைச்சுது. மதருக்கும் மத்தவங்களுக்கும் என் வணக்கம்.

கோச் திரும்பி வந்துட்டாரு. கழுத்தைச் சுத்தி ஒரு வெள்ளைத் துணி. ஆளு பாதியா இளைச்சுட்டாரு. ராகவன் நாற்காலியை எடுத்துப் போட்டாரு. அவர் உட்காரல. பசங்களைச் சுத்தி நிக்கவச்சு கை தட்டிக் காட்டினாரு. ஒரு தட்டுன்னா பின்னால இறங்கு. ரெண்டு தட்டுன்னா மேல ஏறு. மூணுன்னா பந்தை அந்தப் பக்கம் மாத்து. கோல்கீப்பர் வெங்கட் எங்கிட்ட சொன்னான், "அண்ணே, முன்னெல்லாம் அவர் கத்துவாரு, நாங்க காதுல வாங்கிக்காம ஓடுவோம். இப்ப அவரையே பாத்துகினு இருக்கோம்." பிராக்டிஸ் பாக்கப் போனவன் நான், வீட்டுக்கு வர மறந்துட்டேன். ஒரு மனுஷன் ரெண்டு கையை வச்சுகினு பதினோரு பேரை அசைக்கிறாரு ஸ்வீட்டி. கடல் அலை மாதிரி வராங்க, போறாங்க.

ஆனா மேட்ச்சுல தோத்துட்டோம். வரிசையா ரெண்டு. பிராக்டிஸ்ல வந்தது மேட்ச்சுல வரல. ராகவன் மறுபடி ஆரம்பிச்சுட்டாரு. நான் கோவமா வீட்டுக்கு வந்தா உங்க அண்ணி சோறு போட்டுகினே சொல்றா, "கிரவுண்டுல நீயும் உன் கூட்டமும் மேளம் அடிக்கிற அடியில அவர் தட்டுறது யாருக்குப்பா கேக்கும்?"

சாப்பாடு இறங்கல எனக்கு.

ஜேம்ஸ்

*

மலையடிவாரம்
9 நவம்பர் 2025

என் பிரியமுள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் கேள்வியை இங்கே படித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. மதர், "உங்கள் அண்ணன் என்ன செய்யப்போகிறார்?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். என்ன செய்தாய்?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிப்ரவரியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மறந்திருக்க மாட்டாய். அம்மா போன அதே வருடத்தில் நானும் உன்னை விட்டுவிட்டுப் போனதாக நீ நினைக்கிறாய் என்று அண்ணி முன்பொருமுறை எழுதியிருந்தார்கள். உன்னை விட்டுப் போகவில்லை அண்ணா. கூப்பிட்ட இடத்துக்கு வந்தேன். இதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

திருவருகைக் காலம் தொடங்கினால் கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. வந்தால் மதர் வைத்திருந்து பண்டிகையன்று தருவார்கள். அதனால் நீ எழுதாமல் இருந்துவிடாதே.

அன்புள்ள
ஸ்வீட்லின்

*

அண்ணனூர்
14 டிசம்பர் 2025

ஸ்வீட்டி,

இதை நீ கிறிஸ்துமஸ் அன்னைக்குத்தான் படிப்பே. பரவால்ல. இன்னைக்கே எழுதலைன்னா என் நெஞ்சு அடங்காது.

லீக்ல கடைசி மேட்ச் இன்னைக்கு. ஜெயிச்சா நாலாவது இடம், பிளேஆஃப். தோத்தா வீட்டுக்கு. நான் நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரையா போயிப் பாத்தேன். "மேளம் வேணாம். கோச் தட்டுறது பசங்களுக்குக் கேக்கணும்"னு சொன்னேன். "இன்னா மாமே, சாவு ஊட்டுலகூட மேளம் உண்டே?" ன்னு கேட்டாங்க. ஒரு மேட்ச், ஒரே ஒரு மேட்ச்னு கெஞ்சினேன். கோல் போட்டா மட்டும் கத்திக்கலாம்னு முடிவாச்சு.

மேட்ச் ஆரம்பிச்சுது. முதல்ல கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் சிரிப்பு. அப்புறம் கோச் ரெண்டு தட்டு தட்டினாரு. கிரவுண்டு முழுக்கக் கேட்டுது. பசங்க ஏறினாங்க. அவ்ளோதான், எல்லாரும் அடங்கிட்டாங்க.

இத்தனை வருஷமா அந்த கிரவுண்டுக்குப் போறேன். பந்து புல்லுல உருளும்போது ஒரு சத்தம் வருமே, அது எனக்குத் தெரியவே தெரியாது. பசங்க மூச்சு வாங்குறது கேக்குது. ஒருத்தனுக்கு ஒருத்தன் "வுடு, வுடு"ன்னு மெதுவா சொல்றது கேக்குது. தூரத்துல நம்ம அண்ணனூர் வண்டி ஹாரன். நடுவுல அந்தக் கைத்தட்டு. ஒண்ணு. ரெண்டு. ஒண்ணு. ஒரு கைக்குழந்தை அழுதுது, அதோட அம்மா தூக்கிகினு வெளியே போயிட்டாங்க, யாரும் சொல்லல. மாதா கோவில்ல நடுப்பூசையில சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது ஒரு அமைதி வருமே, அது மாதிரின்னு சொன்னா நீ திட்டுவியா?

கடைசிப் பத்து நிமிஷத்துல மூணு தட்டு. பந்து அந்தப் பக்கம் போச்சு. விக்ரம் ஓடி வந்து அடிச்சான். கோல்.

யாரும் கத்தல ஸ்வீட்டி. கத்தலாம்னு பேசி வச்சதுதான். எல்லாரும் எழுந்து நின்னாங்க, கையைத் தூக்கினாங்க, சத்தம் வரல. நானும் வாயைத் திறந்துகினு நின்னேன். கோச் திரும்பி எங்களைப் பாத்தாரு. அந்த மனுஷன் முகம் இருந்துச்சே. அதை எழுத எனக்கு வார்த்தை இல்ல.

பிளேஆஃப் போயிட்டோம். ராகவன் வந்து என் கையைப் புடிச்சுகினு நின்னாரு.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஜேம்ஸ்

*

மலையடிவாரம்
28 டிசம்பர் 2025

என் பிரியமுள்ள அண்ணாவுக்கு,

பண்டிகையன்று மதிய உணவுக்குப் பிறகு மதர் உன் கடிதத்தை என்னிடம் கொடுத்து, "உரக்கப் படியுங்கள் சிஸ்டர், நாங்கள் எல்லாருமே காத்திருக்கிறோம்" என்றார்கள். கோல் விழுந்த இடத்தில் சமையலறைச் சகோதரி மட்டும் கை தட்டிவிட்டார். பிறகு வெட்கப்பட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நான் திட்டவில்லை அண்ணா. நீ எழுதிய அந்த அமைதியை எனக்குத் தெரியும். அதற்குள்தான் தினமும் எழுந்திருக்கிறேன். இங்கே வந்த புதிதில் அது என்னை பயமுறுத்தியது. பிறகு சமையலறையில் தண்ணீர் கொதிப்பதும், பக்கத்தில் இருப்பவர் ஜெபமாலையை உருட்டுவதும் கேட்கத் தொடங்கியது. இதை உனக்கு எப்படி எழுதுவது என்று மூன்று வருடமாகத் தேடினேன். நீயே எழுதி எனக்கு அனுப்பிவிட்டாய்.

வா என்று இனி கேட்கமாட்டேன். கேட்டதை நீ மறக்கவில்லை என்று தெரியும். அரையிறுதி யாரோடு?

அன்புள்ள
ஸ்வீட்லின்

*

அண்ணனூர்
25 ஜனவரி 2026

ஸ்வீட்டிக்கு,

அரையிறுதி இன்னைக்கு முடிஞ்சுது. அம்பத்தூர் டீமோட. அவங்க ஊர் கிரவுண்டு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனி ஆளுங்க வண்டி வண்டியா வந்து இறங்கிட்டாங்க. ஊதுகுழல், தாரை, தப்பட்டை. எங்க கூட்டம் ஒரு மூலையில. கோச் தட்டுறாரு, தட்டுறாரு, ஒண்ணும் கேக்கல. பசங்க அவரைத் திரும்பித் திரும்பிப் பாத்ததுல பந்தைக் கோட்டை விட்டானுங்க. ஒரு கோல் வாங்கிட்டோம். இடைவேளையில பாத்தேன், அவர் உள்ளங்கை ரெண்டும் செவந்து தடிச்சுப்போயிருந்துச்சு. தண்ணியில முக்கி எடுத்துட்டு மறுபடி போயி கோட்டுக்குப் பக்கத்துல நின்னாரு.

நாங்க அமைதியா இருந்து இன்னா ஆவப்போவுதுன்னு நம்மாளுங்களே கேட்டாங்க. இருந்தாலும் மேளத்தைத் தொடாம உட்காந்துகினு இருந்தோம்.

ரெண்டாவது பாதியில அவங்க பக்கம் தப்பட்டை அடிச்சுகினு இருந்த ஒருத்தர், நரைச்ச மீசை, கோச்சையே பாத்துகினு இருந்தாரு. அப்புறம் குச்சியைக் கீழே வச்சுட்டாரு. பக்கத்துல இருக்கிறவன் இன்னான்னு கேட்டான். அவர் கையால கோச்சைக் காமிச்சாரு. அவனும் பாத்தான். ஊதுகுழலை இறக்கினான். யாரும் யாருக்கும் உத்தரவு போடல. ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கத்துக்கு மழை நிக்கிற மாதிரி அந்தச் சத்தம் நின்னுகினே வந்துச்சு. அவங்க டீமுக்குக் கெடுதல்னு தெரிஞ்சே நிறுத்தினாங்க. எங்க கோச்சோட தட்டு கேட்டுது.

நான் அழுதுட்டேன். சொல்றதுல வெக்கம் இல்ல.

நம்ம பசங்க ஆடின ஆட்டத்தை நீ பாத்திருக்கணும். ரெண்டு தடவை கம்பத்துல பட்டுத் திரும்புச்சு. ஆனா கோல் விழல. தோத்துட்டோம். விசில் ஊதினப்புறம் யாரும் கிளம்பல. கோச் ஒவ்வொரு பையன் தலையிலயும் கையை வச்சாரு. அப்புறம் அம்பத்தூர் கூட்டத்துப் பக்கம் நடந்து போயி ரெண்டு கையையும் கூப்பினாரு. அத்தனை பேரும் எழுந்து கும்பிட்டாங்க.

வெளியே வரும்போது அந்த மீசைக்காரரைப் புடிச்சுக் கேட்டேன். "ஏங்க நிறுத்தினீங்க?" "தெரியலப்பா"ன்னாரு. "அந்த மனுஷன் நிக்கிறதைப் பாத்தேன். கை தானா நின்னுடுச்சு."

எத்தனையோ தடவை நீ ஏன் போனேன்னு உங்கிட்ட கேட்டிருக்கேன், நீ தெரியலைன்னு சொல்லும்போதெல்லாம் அது பதிலே இல்லைன்னு கத்தியிருக்கேன். இன்னைக்கு அந்த ஆளுகிட்ட எனக்குக் கத்தத் தோணல.

பதினொண்ணாந் தேதிக்கு லீவு போட்டுட்டேன். ஷர்மிளாவும் வரா. எனக்கு இன்னும் ஒண்ணும் புரியல. புரியாமலே வரேன்.

உன் அண்ணன்
ஜேம்ஸ்

*

மலையடிவாரம்
15 பிப்ரவரி 2026

என் அண்ணாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. உயிர்ப்புத் திருநாள் வரை எழுத முடியாது, அதனால் அவசரமாக இது.

வார்த்தைப்பாடு சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. நீ வந்திருக்கிறாயா என்று பார்க்கக்கூடாது என்று இருந்தேன். பார்க்கவில்லை. உன் செருமல் சத்தம் கேட்டது. போதும்.

பிறகு சந்திப்பு அறையில் நீ உட்கார்ந்தாய். அண்ணி நம்மைத் தனியே விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பார்க்கப் போனார்கள். கம்பித் தடுப்பின் அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். மதர் கொடுத்திருந்த நேரம் முழுவதும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. உன் தலையில் எவ்வளவு நரை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மணி அடித்தது. எழுந்து கதவு வரை போய்விட்டு, திரும்பி நின்று, "சாப்ட்டியாடி?" என்று கேட்டாய்.

"சாப்ட்டேன்" என்றேன்.

பொய், அண்ணா. காலையிலிருந்து ஒரு வாய் உள்ளே போகவில்லை. நீ போனதும் நேரே சமையலறைக்குப் போனேன். தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே சாப்பிட்டேன். சமையலறைச் சகோதரி ஒன்றும் கேட்காமல் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

உன் தங்கை
ஸ்வீட்லின்