தூக்க வந்தவர்கள்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பியும் இருக்கிறோம். சுகமாக என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோய்விட்டு நிறுத்திக்கொண்டேன், இருக்கிறோம் என்பதே இப்போதைக்குப் போதும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்கு அந்த இருமல் விட்டதா என்று எழுது. போனில் பேசுவதை விட்டுவிட்டு இதென்ன கடிதம் என்று நினைப்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் நான் கிசுகிசுத்தாலும் அவன் காதில் விழும், அதனால்தான் நீ கேட்கும்போதெல்லாம் "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று சொல்லி வைத்தேன். அதில் பாதி பொய். இப்போது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி, படித்த கையோடு போனை எடுத்துக் கத்தாதே.

ஆரம்பம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கோவையாக வரும். கண்ணாடிக் கடையில் ஊரில் பாதிப் பேருக்கு பவர் பார்த்து லென்ஸ் தேய்த்துக் கொடுத்த பிள்ளை, ஒருநாள் தன் இடது கண் மங்குகிறது என்று கடையிலிருந்த லென்ஸையெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்திருக்கிறான், ஒன்றும் சேரவில்லை. பிறகு வலது கால் இழுக்க ஆரம்பித்தது, ஸ்கேன் எடுத்தார்கள், எம்.எஸ். என்றார்கள். நரம்பைச் சுற்றியிருக்கிற உறையை உடம்பே அரித்துவிடுமாம், மருந்து போட்டு மட்டுப்படுத்தலாம், அடியோடு போக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது நீயும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். அதற்குப் பிறகு நான்கு வருடம் எப்படிப் போனது என்பதைத்தான் உனக்குச் சொல்லவில்லை. வெயில் பட்டால் துவண்டுவிடுகிறான். காலையில் பல் தேய்த்துச் சட்டை போட்டதற்கே மலை ஏறி வந்தவன் மாதிரி படுத்துவிடுகிறான். உன் சித்தப்பா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு "வயசுப் பையன் பகல்ல படுத்தா சோம்பல்தான் வரும், ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க அண்ணி, தன்னால எழுந்து நடப்பான்" என்று வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்கு டீகூடக் கொடுக்கவில்லை. நான் காலையில் சலவைக் கடைக்குப் போய் மதியம் வரை நின்றபடியே இஸ்திரி போட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து, அவனைக் குளிக்க வைத்து, சாப்பாடு போட்டு, துணி துவைத்து, இப்படியே நாள் போகும். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டாலும் "உங்க பையன் எப்படி இருக்கான்" என்றுதான் கேட்பார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், இந்த வியாதி உள்ளவர்களும் வீட்டுக்காரர்களும் சனிக்கிழமை நாலு மணிக்கு நூலகத்தின் கீழ் அறையில் கூடுகிறார்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். தம்பி அதைக் கிழித்துப் போட்டுவிட்டான். "நாளைக்கு நான் எப்படி ஆவேன்னு இன்னிக்கே போய் வரிசையா பாத்துட்டு வரணுமாம்மா?" என்று கேட்டான். ஆனால் சீட்டைக் குப்பையிலிருந்து எடுத்து ஒட்டி வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை மாலை கடையில் கூடுதல் வேலை என்று அவனிடம் சொல்லிவிட்டு நானே போக ஆரம்பித்தேன், ஒரு வருடமாகப் போகிறேன். பழைய பேப்பர் அடுக்கி வைத்திருக்கிற அறை, பதினைந்து நாற்காலி, ஒரு மின்விசிறி. நடத்துகிறவர் கணக்கு டீச்சராக இருந்தவர், பதினெட்டு வருடமாக இந்த வியாதியோடு இருக்கிறார், கையில் கோல். நூலகத்து ஆள் கீழ் அறை தனக்கு வேண்டும், மாடிக்குப் போங்கள் என்றதற்கு "மாடி எதுக்கு, எங்களை நேரா மேலோகத்துக்கே அனுப்பிடுங்களேன்" என்று சொல்லி அவர் வாயை அடைத்தவர். அங்கே யாரும் அறிவுரை சொல்வதில்லை, தெரிந்ததைச் சொல்கிறார்கள். வெயிலில் வந்தால் கழுத்தில் ஈரத்துண்டு போடு, குளியலறைச் சுவரில் இந்த உயரத்தில் கைப்பிடி வை, வெளியே கிளம்பும்முன் வழியில் எங்கெங்கே பாத்ரூம் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள், ஆளைத் தனியாகத் தூக்காதே, தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் விரிப்பைப் போட்டு இழு. நானும் அதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து என் சொந்த மூளை மாதிரி காட்டிக்கொள்வேன். "இதெல்லாம் எங்க கத்துக்கறே?" என்று அவன் கேட்பான், கடைக்கு ஒரு நர்ஸ் துணி போட வருகிறாள் என்பேன். அந்த நர்ஸுக்கு நான் ஒரு புருஷனும் இரண்டு பிள்ளைகளும்கூடக் கற்பனை பண்ணி வைத்திருந்தேன்.

ஆளைத் தனியாகத் தூக்காதே என்று ஐம்பது முறை கேட்டவள்தான் தூக்கினேன். மூன்று வாரம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவன் குளியலறை முக்காலியிலிருந்து சரியப் போனான், நான் பாய்ந்து அணைத்துப் பிடித்து வெளி நாற்காலி வரை கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டேன். உட்கார வைத்து நிமிர்ந்தேன் பார், முதுகில் யாரோ கத்தியை இறக்கியது போல இருந்தது, அப்படியே தரையில் விழுந்தேன், கழுத்தைக்கூடத் திருப்ப முடியவில்லை. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து இழுத்தான், அவன் கால் மடங்கியது. "விடுடா, நீயும் விழுந்துடாதே" என்று கத்தினேன். சித்தப்பாவுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. என் போனில் சனிக்கிழமைதோறும் பேசியிருக்கிற பெயர் டீச்சர் என்று இருந்ததைப் பார்த்து அதை அழுத்தினான். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. அவன் வாயைத் திறந்ததுமே "சனிக்கிழமைக்கார அம்மாவோட பையனா? அம்மாவுக்கு என்னப்பா?" என்றார். "நீங்க யாரு?" என்று இவன் கேட்டான். அவர் பாவம், ஒளிவுமறைவு தெரியாமல் எம்.எஸ். கூட்டம், நூலகம், ஒரு வருடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது, பாதி தூரம் ஏற்கெனவே போய்த்தான் கிடந்தேன். அவன் என்னைப் பார்த்தான். தலையணையைக் கொண்டுவந்து என் தலைக்குக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அரைமணி நேரத்தில் மாடிப்படியில் சத்தம் கேட்டது. கோல் ஒரு தட்டு, அப்புறம் ஒரு கால் இழுபடுகிற சத்தம், மறுபடி ஒரு தட்டு. இருபத்திரண்டு படி. இவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த இழுப்பு அவன் கால் போடுகிற சத்தமேதான், இன்னொரு ஆளிடமிருந்து அவன் அதுவரை கேட்டதில்லை. டீச்சரோடு கூட்டத்துப் போட்டோக்காரரும் வந்திருந்தார், ஸ்டூடியோ வைத்திருந்தவர், இதே வியாதியில் கை நடுக்கம் வந்து மூடிவிட்டார். டீச்சர் வகுப்பு எடுப்பது போல உத்தரவு போட்டார், விரிப்பை எனக்குக் கீழே மெல்ல நுழைத்தார்கள், ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று இழுத்தார்கள். விரிப்பு வந்துவிட்டது, நான் வரவில்லை. டீச்சரின் கோல் வழுக்கி அவர் பொத்தென்று உட்கார்ந்தார், அவரைப் பிடிக்கப் போய்ப் போட்டோக்காரர் உட்கார்ந்தார், இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே என் பிள்ளை சுவரோடு சறுக்கி வந்து சேர்ந்தான். நாலு பேரும் தரையில். அப்போது போட்டோக்காரர் "ஒரு ஆளைத் தூக்க வந்தோம், இப்ப நாலு பேரைத் தூக்க ஆள் தேடணும்" என்றார். தம்பி சிரித்தான். பெரியவளே, நான்கு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான், டீச்சரும் சிரித்தார், நான் மட்டும் "சிரிக்க வைக்காதீங்க, உயிர் போகுது" என்று அழுதுகொண்டு கிடந்தேன். கடைசியில் டீச்சர் கோலால் தரையை ஓங்கி ஓங்கித் தட்டினார். கீழ்வீட்டு லாரி டிரைவர் இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர், "என்னங்க இது, மனுஷன் கண்ணை மூட வேண்டாமா?" என்று சண்டைக்கு வந்தவர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் எங்களை ஒவ்வொருவராக, வண்டியிலிருந்து பெட்டியை இறக்குகிற மாதிரி, எடுத்து எடுத்து வைத்தார்.

சிரித்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. பத்து நாள் குனியக் கூடாது, இனி ஆளைத் தூக்கவே கூடாது என்று எனக்கு டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி மூன்று நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நாலாம் நாள் "என் வியாதியைக் கொண்டுபோய் ஒரு வருஷமா ஊர்ல விரிச்சு வெச்சு பேசினியா?" என்று கேட்டான். எனக்கும் ஆற்றாமை, "உன் வியாதியைப் பத்தி இல்லடா, என் முதுகைப் பத்திப் பேசத்தான் போனேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. எனக்கு அலுப்பாக இருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே இடம் அதுதான், அங்கே மட்டும்தான் "பெத்தவதானே, பொறுத்துக்கோ" என்று யாரும் சொல்லவில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தப் பத்து நாளும் டீச்சர் ஒரு தாளில் முறை போட்டு ஆள் அனுப்பினார். யாரோ சாப்பாடு கொண்டுவந்தார்கள், யாரோ துணியை எடுத்துப் போனார்கள். குளிக்க வைக்கக் கீழ்வீட்டு டிரைவரே தினமும் வேலை முடிந்து வந்ததும் மேலே வந்துவிடுகிறார். நான் கூச்சப்பட்டு எதற்கு உங்களுக்குச் சிரமம் என்றதற்கு "சும்மா இருங்கம்மா, அவன் உங்ககிட்ட குளிக்கக் கூச்சப்பட்டுத்தான் இத்தனை நாளா கல்லு மாதிரி உக்காந்திருந்தானாம்" என்றார். என்னிடம் சொல்லாததை அந்த மனுஷரிடம் சொல்லியிருக்கிறான். ஒரு பக்கம் சுருக்கென்றது, இன்னொரு பக்கம் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினது போல இருந்தது. போட்டோக்காரர் முறை வந்த அன்று அவர் குளியலறையிலிருந்த சிவப்பு வாளியைக் காட்டி "உனக்கு இது என்ன கலர்?" என்று கேட்டார். "வலது கண்ணுக்கு சிவப்பு, இடது கண்ணுக்கு பழைய செங்கல்" என்றான். "எனக்கு அப்படியே மாத்தி" என்றார் அவர். அப்புறம் இரண்டு பேரும் கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டு வீட்டிலுள்ள சாமானையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் மல்லாந்து கிடந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நாலு வருடம் நான் எத்தனை கேட்டும் அவன் தன் கண்ணில் என்ன தெரிகிறது என்று எனக்குச் சொன்னதில்லை.

போன சனிக்கிழமை அவனாகவே நூலகத்துக்குக் கிளம்பினான், ஒரே நிபந்தனை, நான் வரக் கூடாது. டிரைவர் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தவன் மறுநாள் மதியம் வரை தூங்கினான். எழுந்து "அங்க ஒரு பொண்ணு இருக்காம்மா, என்னைவிட சின்னவ, சக்கர நாற்காலியில வர்றா. பாத்ததும் பயமாத்தான் இருந்துச்சு, பாதியில எழுந்து வந்துடலாம்னு பாத்தேன்" என்றான். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அவதான் டீச்சர்கிட்ட ஓயாம சண்டை போடறா, யார் ஜெயிக்கறாங்கன்னு பாக்கணும் இல்ல" என்றான். அவன் குணமாகப் போவதில்லை. இந்த மாதம் கை விரலும் மரத்துப்போகிறது என்கிறான், மருந்தை மாற்ற வேண்டுமாம், நான் உனக்கு இனிப்பு தடவிச் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் கிளம்பிப் போயிருக்கிறான். வீட்டில் நான் மட்டும். அவனைத் தனியே விடக் கூடாது என்றே இருந்து பழகிவிட்டதால் என்னைத் தனியே விட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன், பிறகுதான் தாளை எடுத்தேன்.

நீ போன வாரம் நான் சொன்னதை நம்பாமல், வேலையை விட்டுவிட்டு வந்து தம்பியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அழுதாயே, அது வேண்டாம். கஷ்டப்பட்டுப் பிடித்த வேலை, மாப்பிள்ளைக்கும் அங்கே வேரூன்றிவிட்டது. அவனைப் பார்த்துக்கொள்ள இப்போது ஆள் இருக்கிறார்கள், கால் இழுக்கிறவரும் கை நடுங்குகிறவரும் தூக்கம் கெட்டவருமாக ஆள் இருக்கிறார்கள். ஆனால் லீவு கிடைக்கும்போது பத்து நாள் வா. நான் உன்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை, எப்படிக் கேட்பதென்றும் தெரியவில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன். வந்து என்னைப் பார்த்துக்கொள். எனக்குத் தலை பின்னிவிடு, ஒரு வேளை சமைத்துப் போடு, நான் படுத்திருக்கும்போது எழுப்பாதே. எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது அம்மா.

வேறு என்ன எழுத. நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நெடுங்காலம் நன்றாக இருங்கள், குட்டி நல்லபடியாக வளரட்டும், என் ஆசி எப்போதும் உங்கள் மூன்று பேருக்கும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, தம்பியிடம் பேசும்போது அந்த அழுகைக் குரலில் உடம்பு எப்படி என்று ஆரம்பிக்காதே, டீச்சரோடு அந்தப் பெண் போட்ட சண்டை என்ன ஆயிற்று என்று கேள், தானாகப் பேசுவான்.

இப்படிக்கு
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா