பாஸ்காவுக்குப் பொறுக்கிய அரிசி

சமர்கந்து, ஏப்ரல் 11, 1943

பாஸ்கா அரிசியை மூன்றாவது தடவையும் பொறுக்கி முடித்தேன். பண்டிகையின் எட்டு நாளும் புளிக்கிற மாவுத் தானியம் ஆகாது; ஒரு கோதுமை மணி கலந்திருந்தாலும் பண்டிகை கெட்டது. வெள்ளைத்துணியில் கொட்டி, ஒவ்வொரு மணியாக. இடுப்பு விட்டுப்போச்சு. சண்டைக் காலத்தில் இந்த நாலு கிலோ கிடைத்ததே பெரிசு.

பின்னறையில் குடியிருக்கும் கீட்டிலையும் அவள் மகள் ஹிண்டாவையும் சாப்பிடக் கூப்பிட வேண்டும். எங்களைப் போல யூதர்கள்தான், போலந்திலிருந்து ஓடிவந்தவர்கள். புருஷன் எங்கே என்று அவளுக்கே தெரியாது. பிள்ளைக்கு நாலு வயது, எலும்பும் தோலும்.

ஏப்ரல் 13

கூப்பிட்டேன். வரமாட்டாளாம்!

"தப்பா நெனைக்காதீங்கக்கா. எங்க போலந்து வழக்கத்துல பாஸ்காவுக்கு அரிசி ஆகாது. அது வெந்த பானையும் ஆகாது."

எனக்கு வந்ததே கோபம். "அப்போ நாங்க யூதரே இல்லையா? கண்ணு பூத்துப்போகப் பொறுக்கினது யாருக்காக?" என்று கத்திவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போனாள். நல்லா வேணும். எங்கள் ஊருக்கு வந்து எங்கள் பானையையே குறை சொல்வாளாமா?

ஏப்ரல் 18

ஹிண்டாவுக்கு வயிற்றுப்போக்கு. "போய்ப் பாரேன் புலோர்" என்றார் என் வீட்டுக்காரர் அவ்னேர். நான் ஏன் போகணும்?

ஏப்ரல் 22

போன இரண்டு நாளும் எழுதக்கூடாத பண்டிகை நாள்.

இன்று மத்தியானம் கொத்தமல்லியும் ஈரலும் போட்டுப் பச்சை நிறச் சோறு வெந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டினார்கள். கீட்டில், கையில் ஒரு கிண்ணம். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"என்னம்மா, வழி தவறி வந்துட்டியா? உள்ளே அரிசி வேகுது. தீட்டு ஒட்டிக்கப் போகுது!"

கிண்ணத்தோடு திரும்பிவிட்டாள். எப்படிக் கொடுத்தேன் பார்த்தீங்களா என்று அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 23

ஹிண்டா போய்விட்டாள். காலையில். ஓய்வுநாள் தொடங்குமுன் அடக்கம் செய்துவிட்டார்கள்.

ஏப்ரல் 25

ஜெபக்கூடத்தில் போலந்துக்காரர்களின் மதகுருவான ரப்பி என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். பிள்ளைக்கு அரிசிக் கஞ்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கீட்டில் வியாழக்கிழமை மத்தியானம் ரப்பியிடம் ஓடியிருக்கிறாள். "உயிருக்கு முன்னால எந்தத் தடையும் நிக்காதும்மா, உடனே குடு" என்றாராம். அங்கிருந்து நேரே என் வாசலுக்கு.

ஐயோ. எதுக்கு வந்தாள்னு ஒரு வார்த்தை கேட்டேனா? கிண்ணம் கையில இருந்துச்சே, என் கண்ணு அவிஞ்சா போச்சு?

குடித்திருந்தாலும் பிழைத்திருக்குமோ என்னவோ என்கிறார் அவர். தெரியாதுதான். குடிக்கவே இல்லையே.

பண்டிகை முடியும்வரை துக்கம் காக்கவும் கூடாது. கீட்டில் சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் போக எனக்குக் கால் வரவில்லை.

ஏப்ரல் 28

பண்டிகை முடிந்தது. கீட்டில் எங்கள் முறைப்படி துக்கம் காக்கத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அரிசியே படாத புதுப் பானை வாங்கி, முட்டையும் கிழங்கும் அவித்து எடுத்துப் போனேன்.

"கீட்டில், நான் பாவிடி…" பானையை அவள் முன்னால் வைத்தேன்.

மூடியைத் திறந்து பார்த்தாள். "சோறு இல்லையாக்கா? இனிமே சாப்பிடலாமே."

மூடியை மறுபடி வைத்தபடி, "அன்னிக்கு உங்க வீட்டுச் சோத்து வாசனைக்கு ஹிண்டா கண்ணைத் தொறந்தா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஓடிப்போய் மிச்ச அரிசியை வடித்துக் கொண்டுவந்தேன். ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். விழுங்க முடியவில்லை அவளால். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.